இருவருக்கு ஒரே கடவுச்சொல்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். நாத்தனாரும் அதே பதிவறையில் வேலை பார்த்ததால் வந்த வினை அது. நாத்தனார் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட, அந்தப் பழக்கம் முதலில் கூட்டுகிற அம்மாவிடம் தொற்றியது, பிறகு நர்சுகளிடம். கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளரே ஒருநாள் "அண்ணி, அந்தப் பழைய கட்டு எங்கே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதிவறை அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் நெடுக இரும்பு அலமாரிகளில் முப்பது வருஷத்து நோயாளிகளின் அட்டைகள். அவற்றையெல்லாம் யாரோ ஏற்கெனவே ஸ்கேன் எடுத்திருந்தார்கள். எடுத்த புண்ணியவான்கள் எந்த அட்டை யாருடையது என்று குறிக்காமல், படங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் திறந்து, டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்து, நோயாளி எண், வருஷம், வார்டு மூன்றையும் பட்டியலில் ஏற்றி, படத்துக்குச் சரியான பெயர் வைத்து வருஷவாரியாக அடுக்க வேண்டும். பெண்கள் வார்டு அண்ணிக்கு, ஆண்கள் வார்டு நாத்தனாருக்கு. இருப்பதோ ஒரே கணினி. ஒருத்தி கணினியில் உட்கார்ந்தால் மற்றவள் அட்டைக் கட்டுகளைச் சரிபார்ப்பாள். மணிக்கொரு தரம் இடம் மாறிக்கொள்வார்கள்.

இருவருமே ஒப்பந்த ஆட்கள். நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் வந்து பார்ப்பார். யாருடைய வேலை சுத்தமாக முடிந்திருக்கிறதோ அவளுக்குப் பதிவறையின் நிரந்தர இடம். மற்றவளுக்கு ஒப்பந்தம் அத்தோடு சரி, போய் வரலாம்.

அண்ணிக்கு அந்த இடம் வேண்டும். பள்ளிக்கூட ஆபீஸ், மருந்துக் கிடங்கு, வக்கீல் அறை என்று பதினாறு வருஷமாக ஆறு ஆறு மாத ஒப்பந்தங்களில் காலம் தள்ளியவள் அவள். போன இடத்திலெல்லாம் உப்புக்குச் சப்பாணிதான். ஒரு நாற்காலி நாளைக்கும் தன்னுடையதாகவே இருக்கும் என்கிற நிம்மதி எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது, ஆனால் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வேலை தொடங்கிய அதே வாரம் நிர்வாகம் கணினிகளை எல்லாம் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியது. பழைய இயங்குதளத்துக்கு இனிப் பணம் கட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று கணினிப் பிரிவு ஆள் வந்து விளக்கினார். அவர் எதற்கெடுத்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர்.

"சும்மா குடுக்கறாங்கன்னா எங்கியாவது இடிக்குமே தம்பி?" என்றாள் அண்ணி.

"இடிக்காதுங்க. ஆனா நாமளே கொஞ்சம் கத்துக்கணும்" என்று ஒரு கறுப்புத் திரையைத் திறந்து காட்டினார் ரீஸ்டார்ட். "ஆயிரக்கணக்குல படத்துக்குப் பேர் மாத்தறதெல்லாம் மவுஸ்ல பண்ணினா விரல் தேஞ்சிடும். இதுல கட்டளை எழுதினா நொடியில முடியும். சரி, ரெண்டு பேர் இருக்கீங்க, ஆளுக்கொரு பயனர் பேர் போட்டுத் தரட்டுமா? கடவுச்சொல் தனித்தனியா வச்சுக்கலாம்."

"எதுக்கு? வீட்ல ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறோம். இங்க வந்து தனிக்குடித்தனமா?" என்று சிரித்தாள் அண்ணி. நாத்தனாரும் சிரித்தாள். ரீஸ்டார்ட் தோளைக் குலுக்கிவிட்டு அண்ணியின் பெயரில் ஒன்றே ஒன்று போட்டார். கடவுச்சொல்லை இருவர் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டு, பத்துப் பக்கக் கையேட்டின் ஜெராக்ஸ் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தான் இல்லை, படம் இல்லை. அண்ணி கையேட்டைப் பார்த்து எல், எஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினாள். இருந்த கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "அட" என்றாள். பி, டபிள்யூ, டி போட்டால் எந்த அடைவில், அதாவது எந்த ஃபோல்டரில், நிற்கிறோம் என்று சொன்னது. சி, டி போட்டால் வேறோர் அடைவுக்குள் போக முடிந்தது. சரியாகச் சொன்னால் வாயே திறக்காமல் வேலையை முடித்தது, தப்பாகச் சொன்னால்தான் பேசியது. அவள் மாமியார் இரண்டுக்குமே பேசுவாள். அந்த வகையில் கணினி தேவலை என்று அண்ணிக்குத் தோன்றியது.

நாத்தனார் முறையாகத் தட்டச்சு படித்தவள். பத்து விரலும் பறக்கும். அண்ணிக்கு இரண்டு விரல்தான். அதனாலேயே அவள் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரு குறுக்கு வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேல் அம்புக்குறியை அழுத்தினால், இதற்கு முன்னால் தட்டிய கட்டளை அப்படியே திரும்பி வரும். இன்னொரு முறை அழுத்தினால் அதற்கும் முந்தையது. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். வேகமாக அடிக்கத் தெரிந்த நாத்தனாருக்கு அந்தப் பக்கமே தேவைப்படவில்லை.

மூன்றாம் மாதம் அண்ணி பதினோரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து, படத்துக்குப் பெயர் மாற்றி, அதற்குரிய வருஷத்தின் அடைவில் கொண்டுபோய் வைக்கும் கட்டளைத் தொகுப்பு அது. அதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. எட்டு நாள் அது அவளைத் திட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் என்டரைத் தட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், அதற்குள் நாலாயிரம் படங்கள் பெயர் மாறி, வருஷவாரியாகப் போய் உட்கார்ந்துவிட்டன. பிறந்ததிலிருந்து அவள் சொன்னதை யாரும் இப்படி மறுபேச்சில்லாமல் கேட்டதில்லை.

நாத்தனாருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். நகலெடுப்பது, நகர்த்துவது, அழிப்பது எல்லாம். "ஆர், எம். அவ்ளோதான். இது குப்பைத் தொட்டிக்கெல்லாம் போகாது, பாத்துக்க. போனது போனதுதான். முழு அடைவையும் அழிக்கணும்னா ஒரு கோடு போட்டு இன்னொரு ஆர் சேக்கணும், இல்லன்னா கேக்காது."

மறைத்து வைக்காமல் சொல்லிக்கொடுத்தது நல்ல குணம்தான். ஆனால் அந்த நல்ல குணத்தை நாலு பேருக்குச் சொல்லாமலும் அவளால் இருக்க முடியாது. நாத்தனார் இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். இந்த வேலைக்கு அவளை அழைத்து வந்தது அண்ணி. "நான்தான் மேலாளர்கிட்ட பேசி வாங்கிக் குடுத்தேன்" என்று அவளிடம் நேராக ஒருநாளும் சொன்னதில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னாள், அவள் காதில் விழும் தூரத்தில்.

மேலாளர் வந்து பார்க்க வேண்டிய வாரம் வந்தது. திங்கட்கிழமையே அண்ணியின் பெண்கள் வார்டு முடிந்துவிட்டது. நாத்தனாருக்கு இன்னும் மூன்று வருஷத்து அட்டைகள் பாக்கி. செவ்வாய் சாயங்காலம் அண்ணியின் புருஷன் ஷூவைக் கழற்றியபடியே, "நாளைக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வண்டி டூட்டி மாத்த முடியல. உன் வேலைதான் முடிஞ்சிடுச்சே, ஒருநாள் லீவு போடேன்" என்றார். அவர் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுபவர். அண்ணி சரி என்றாள். புதன்கிழமை முழுக்க மாமியாரைக் கையில் பிடித்தபடி வரிசை வரிசையாக நின்றாள்.

வியாழக்கிழமை காலையில் கணினியைத் திறந்து எல், எஸ் தட்டினாள். பெண்கள் வார்டு அடைவைக் காணோம்.

இன்னொரு முறை தட்டினாள். வேறெங்காவது நின்று தட்டுகிறோமோ என்று இடத்தைச் சரிபார்த்தாள். சரியான இடம்தான். பட்டியல் இல்லை, அடுக்கிய படங்கள் இல்லை, அந்தப் பதினோரு வரியும் இல்லை. பதற்றத்தில் அவள் செய்த முதல் காரியம் அதே பெயரில் புது அடைவு ஒன்றை உண்டாக்கியது. அது மறுபடியும் இருந்தால் உள்ளே இருந்ததும் வந்துவிடும் என்று புத்தி ஏனோ அப்படி நினைத்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அய்யோ அண்ணி!" என்று நாத்தனார் ஓடிவந்தாள். அவள் கண் கலங்கியது. "திங்கக்கிழமை தேவையில்லாததையெல்லாம் அழிச்சீங்களே, அப்ப ஏதாவது கை தவறி..." என்று இழுத்தாள். அண்ணிக்கும் அதுதான் பயம். ரெண்டு விரல்காரி, எங்கேயோ தப்பான பெயரைத் தட்டித் தொலைத்திருப்பாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று காலை அந்த அறையில் அவளைவிட அன்பான ஜீவன் இல்லை.

ரீஸ்டார்ட் வந்தார். முதல் தடவையாக ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. "மூலப் படங்கள் சர்வர்ல பத்திரமா இருக்கு, ஆஸ்பத்திரிக்கு நஷ்டமில்ல. நீங்க செஞ்சதுதான் போச்சு. மேலாளர்கிட்ட ஒப்படைச்ச அப்புறம்தான் நாங்க சர்வர்ல காப்பி எடுப்போம்" என்றார். நான்கு மாதத்துக்கு மூன்றே வாக்கியம்.

பத்து மணிக்கு நாத்தனார் மாடிக்குக் கட்டுகளை எடுக்கப் போனாள். அண்ணி ஒன்றும் செய்யத் தோன்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் மேல் அம்புக்குறியை அழுத்தினாள். காலையில் தட்டியவை ஒவ்வொன்றாக வந்தன. இன்னும் மேலே போனாள். அவள் தட்டாத ஒரு வரி வந்தது. கையை எடுத்துவிட்டு, கையேட்டில் இருந்தபடி ஹிஸ்டரி என்று ஒரே சொல்லைத் தட்டினாள். இதுவரை தட்டியது எல்லாம் எண் போட்டு வரிசையாக வந்தது.

திங்கட்கிழமை அவள் கடைசியாகத் தட்டிய வரி இருந்தது. அதன் கீழே ஆண்கள் வார்டு வேலை நாற்பது, ஐம்பது வரி. அதற்கும் கீழே பெண்கள் வார்டு அடைவை அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை, கோடும் இரண்டாவது ஆரும் இல்லாமல். அது கேட்டிருக்காது. அடுத்த வரியில் நாத்தனார் அழிக்கும் கட்டளைக்கான உதவிப் பக்கத்தைத் திறந்து படித்திருக்கிறாள். அதற்கடுத்து அண்ணியின் அடைவை வேறு பெயரில் ஓரமாக ஒரு நகல் எடுத்திருக்கிறாள். பிறகு சரியான கட்டளையில் அசலை அழித்திருக்கிறாள். பிறகு எல், எஸ் மூன்று தடவை. அப்புறம் அந்த நகலையும் அழித்திருக்கிறாள்.

அந்த நகல்தான் அண்ணியை உலுக்கியது. நடுவில் அவளுக்கு மனசு இளகியிருக்கிறது. இளகிய மனசை உட்கார்ந்து யோசித்துக் கல்லாக்கிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தட்டியதில் கடைசி வரி கிளியர். திரையைத் துடைக்கும் கட்டளை. துடைத்தால் எல்லாமே துடைபட்டுப் போகும் என்று நம்பிவிட்டாள் பாவி. துடைபட்டது திரை மட்டும்தான்.

அண்ணி அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு ஓடினாள். மேலாளர் ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டார். ரீஸ்டார்ட் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"அழிச்சது உண்மைதான் சார். ஆனா யார் தட்டினாங்கன்னு இது சொல்லாது. எந்தப் பேர்ல தட்டினாங்கன்னுதான் சொல்லும். பேர் இவங்க பேர்."

"புதன்கிழமை நான் லீவு தம்பி!"

"இதுல தேதி இல்லியேம்மா. வெறும் வரிசை எண்தான். அடைவு எப்ப அழிஞ்சதுன்னு வேற வழியில பாத்திருக்கலாம். நீங்க காலையில அதே பேர்ல புதுசா ஒண்ணு உண்டாக்கிட்டீங்க, அந்த நேரமும் மாறிடுச்சு." அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "நான் அன்னிக்கே தனித்தனியா வச்சுக்கச் சொன்னேன்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்கம்மா, அவங்க உங்க வீட்டுப் பொண்ணு. உங்க வீட்டுச் சண்டைக்கெல்லாம் நான் பஞ்சாயத்து பண்ண முடியாது. நாளைக்கு என்ன இருக்கோ அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். கடவுச்சொல்லை அடுத்தவங்களுக்குக் குடுத்தது உங்க தப்பு. அதையும் எழுத வேண்டியிருக்கும்." வாயில்லாப் பூச்சியைப் போல அண்ணி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

கீழே அறையில் யாருமில்லை. ஆண்கள் வார்டு அடைவு அங்கேயேதான் இருந்தது. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதை அழிக்கும் கட்டளையை முழுக்கத் தட்டிவிட்டு என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தியிருப்பாள். வீட்டில் அவர் இருக்கிறார் என்கிற ஒரே நினைப்புதான் தடுத்தது. தங்கைக்கு எவ்வளவு செல்லம் கொடுத்தாலும் நியாயம் பேசக்கூடிய மனுஷன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் நாளைக்கு மேலாளர் முன்னால் வந்து உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு, தட்டியதை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். எதற்காக என்று நாத்தனார் கேட்கவில்லை.

வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தத் தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வரிக்கு வரி விரல் வைத்துக் காட்டினாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"அண்ணி, சத்தம் போடாதீங்க. ஆமா, நான்தான்" என்றாள் நாத்தனார். சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். காலையில் அழுத கண் இப்போது வற்றியிருந்தது. "உங்களுக்கு வீடு இருக்கு, அண்ணன் இருக்காரு. எனக்கு என்ன இருக்கு? இந்தக் கூடத்துல ஒரு பாய். நீங்க வாங்கிக் குடுத்த வேலை, நீங்க சொல்லிக் குடுத்த பாடம். ஆஸ்பத்திரியில கூட்டற அம்மாவுக்குக் கூடத் தெரியும், நான் உங்க தயவுல இருக்கேன்னு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு எனக்கும் இருக்காதா?"

"அதுக்கு என் வயித்துல அடிப்பியா?"

"நானா முடிவு பண்ணல" என்றாள் நாத்தனார். "அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

அண்ணி புருஷன் பக்கம் திரும்பினாள். இல்லை என்று சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"எப்ப கேட்டா?"

"திங்கக்கிழமை" என்றார். தட்டைப் பார்த்தபடியே, "நீதான் கெட்டிக்காரியாச்சே, எப்படியும் திரும்பச் செஞ்சிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

செவ்வாய் சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றியபடி பேசியது அண்ணிக்கு இப்போதுதான் உறைத்தது. வண்டி டூட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளைப் புதன்கிழமை அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்தியவர் அவர். நாத்தனார் மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். மாமியாரின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் தெரியும் போல.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் அண்ணி. "அவளுக்கு விட்டுக்குடுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே. இப்படித் திருட்டுத்தனமா செய்யணுமா?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பதினோரு வரியும், தண்ணீர் குடிப்பதற்குள் வரிசையில் போய் உட்கார்ந்த நாலாயிரம் படங்களும் நினைவுக்கு வந்தன. இவர் காலில் விழுந்து கேட்டிருந்தாலும், நாத்தனார் தெருவில் நின்றிருந்தாலும் அவள் விட்டிருக்கப் போவதில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்பதும் தெரிந்தது.

"மாட்டேன்" என்றாள்.

"அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.